பேசினுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்

போன வாரம் மேரெயானி போன் செய்தாள். ஃபிஜித் தலைநகர் சுவாவில் என் பழைய அலுவலகத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்.

"தீதி, புதுசா ஒரு மென்பொருள் வந்திருக்கு. கூட்டமா ஆளுங்க இருக்கற படத்தைக் குடுத்தா, இதுல யாரு தலைவர்னு அதுவே சொல்லிடுது. நம்ம பேசின் படத்தைக் குடுத்துப் பார்த்தேன்."

"என்ன சொல்லிச்சு?"

"பூசணிக்காய்தான் தலைவராம்."

நான் சிரித்த சிரிப்பில், வெகுநேரம் தட்டித் தூங்கவைத்த கைக்குழந்தை விழித்துக்கொண்டது. மேரெயானி விடவில்லை. "சிரிக்காதீங்க. புதுசா சேர்ந்தவங்க இது சொல்றதை அப்படியே நம்பறாங்க. நீங்க பிளேன் ஏறறதுக்கு முன்னாடி அந்தக் கதையை எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

ஆங்கிலத்தில் ஒரு பிரதி எழுதிக் கொடுத்துவிட்டேன். அது வறண்ட தாள். அதில் பூசணிக்காய் இல்லை. காய்கறிகளோடு சொல்ல எனக்குத் தமிழ்தான் வருகிறது. அப்பா கோவில் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ஊரே இந்திக்கு மாறிய பிறகும் என்னை விடவில்லை. கீழே வரும் பேச்சு இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஃபிஜி மொழியிலும் நடந்தது. எல்லாவற்றையும் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். சரியாகத்தான் கொண்டுவந்தேனா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டேன். மூன்றாவது தடவையும் பார்ப்பேன்.

முப்பத்துநான்கு வயதில் "ஓய்வு பெற்றவள்" என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. இரண்டாவது பிள்ளை பிறந்தது, பிரிஸ்பேனுக்கு விசா வந்தது, வேலையை விட்டேன். என் கணவர் கணேஷ், "கிழவி, பென்ஷன் வந்துச்சா?" என்று தினமும் கேட்கிறார்.

வேலைக்குச் சேர்ந்தது ஆட்சிக்கவிழ்ப்பு நடந்த வருடம். நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஊரில் பாதிப் பேர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டு அமைப்பு ஒன்று போர்க்குற்ற விசாரணைக்காகச் சுவாவில் ஒரு சிறு அலுவலகம் திறந்திருந்தது. நம் ஊர் முன்னாள் சிப்பாய்கள் பலர் தனியார் காவல் நிறுவனங்களில் சேர்ந்து தூர தேசத்துப் போர்களுக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். அவர்களில் சிலர் கண்டதும் செய்ததும் விசாரணைக்குத் தேவைப்பட்டன. படங்களையும் வாக்குமூலங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் தேடினார்கள். என் பயிற்சி இரண்டு வருடம் நடக்கவேண்டியது. பயிற்சி கொடுத்தவருக்குக் கனடா விசா வந்துவிட்டதால் இரண்டே வாரத்தில் முடிந்தது. அவருக்குப் பிறகு வந்தவருக்கு நியூசிலாந்து. இப்படி எனக்கு மேலே இருந்தவர்கள் எல்லாரும் பறந்துவிட, திறமையால் அல்ல, விசா வராததால் நான் மூத்த பகுப்பாய்வாளர் ஆனேன்.

நான் குடியிருந்த நவுசோரியிலிருந்து பேருந்தில் சுவாவுக்குப் போவேன். வழியில் ராணுவச் சோதனை. வேலையைப் பற்றி வெளியில் பேசக்கூடாது, கேட்டால் குமாஸ்தா என்று சொல்லவேண்டும் என்பது அலுவலக விதி. ஒரு நாள் துப்பாக்கியோடு ஒருவன் பேருந்துக்குள் ஏறி, "என்ன வேலை?" என்றான்.

"குமாஸ்தா," என்றேன். பொய் சொல்கிறோமே என்று தோன்றியது. "கிட்டத்தட்ட," என்றேன்.

"கிட்டத்தட்டன்னா?"

"படத்தைப் பார்த்து எழுதற குமாஸ்தா."

அவன் துப்பாக்கியைத் தோளில் சரிசெய்து, நெஞ்சை நிமிர்த்தி, "என்னைப் பத்தி என்ன எழுதுவ?" என்றான்.

"பச்சைச் சட்டை அணிந்த ஆண். இடது கால் பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருக்கிறது," என்றேன். குனிந்து பார்த்தான். அவிழ்ந்துதான் இருந்தது. கட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

எங்கள் வேலை உண்மையில் அதுதான். கண்ணில் படுவதை எழுதவேண்டும், அதற்கு அர்த்தம் எழுதக்கூடாது. "சிப்பாய்" என்று எழுதினால் அடித்துத் திருத்துவார்கள். "பச்சைச் சட்டை அணிந்த ஆண்" என்று எழுதவேண்டும். ஒரு படத்தை நான்கு பேர் தனித்தனி அறையில் உட்கார்ந்து எழுதுவோம். பேசிக்கொள்ளக்கூடாது. பிறகு நான்கையும் வைத்து ஒப்பிட்டு, எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்வோம்: குறைவு, நடுத்தரம், உயர்வு. சாட்சிகளை நாங்கள் நேரில் பார்க்கக்கூடாது. அதற்கு வேறு ஆட்கள். முகம் பழகிவிட்டால் கண் கெட்டுவிடும் என்பார் எங்கள் மேலாளர்.

படத்தில் இருப்பவர்களுக்குப் பெயர் தெரியும்வரை காய்கறிப் பெயர் வைப்போம். முதலில் எண்கள்தான் வைத்திருந்தார்களாம். 'ஒன்று' என்று பெயர் வைத்தவனை எல்லாரும் தலைவன் என்றே நினைத்துவிட்டார்களாம். காய்கறியில் பெரியவர் சின்னவர் இல்லையே. யார் முறையோ அவர்கள் மொழியில் பெயர். என் முறை வந்தால் தமிழ்.

மேலாளர் ஹால்வர் நார்வேக்காரர். முன்பு போலீஸ் வேலை பார்த்தவர். ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் சிவந்த மூக்கு, குரலை உயர்த்தவே மாட்டார். நாங்கள் 'பாஸ்' என்போம். எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே கேள்வி: "உனக்கு எப்படித் தெரியும்?" பதில் சொன்னால் தலையாட்டிவிட்டு, "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்பார். அதற்கும் பதில் சொன்னால், மூன்றாவது தடவையாக, மிகவும் மரியாதையோடு, மறுபடி அதையே கேட்பார். மூன்றாவதில் அழுதவர்கள் உண்டு. எனக்கு அவர் கேட்கவே வேண்டாம். நானே என்னைக் கேட்டுக்கொள்வேன், எட்டு ஒன்பது தடவை.

இது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மூத்தவள் மீனுவுக்கு உடம்பு சுட்டால், "காய்ச்சல், நம்பகம் நடுத்தரம்" என்பேன். கணேஷ் சாயங்காலம் கதவைத் தட்டி, "நான்தான், திற" என்றால், "நான் என்று கூறிக்கொள்ளும் நபர் வந்திருக்கிறார்" என்று மீனுவிடம் சொல்வேன். ஒரு நாள் அவர் வெளியிலிருந்தே, "நீல சட்டை போட்ட ஆண், பசியில இருக்கான், நம்பகம் உயர்வு!" என்று கத்தினார். பக்கத்து வீட்டில் கேட்டு இன்றும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அலுவலகத்தில் யங்கோனா. ஒரு செடியின் வேர்ப்பொடியைத் துணியில் கட்டி, பேசினில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, சிரட்டையில் மொண்டு குடிப்பது; கெட்டியாக இருந்தால் தூக்கம் வரும். எங்கள் ஊரில் அது இல்லாமல் கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை. பாய் விரித்து எல்லாரும் தரையில் உட்கார வேண்டும். எங்கே உட்காருவது என்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. பேசினுக்குப் பின்னால் உட்கார்ந்து கலக்குபவர் கூட்டத்துக்கு வேலை செய்பவர். அவருக்கு எதிரே, தள்ளி, மேல்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் பெரியவர். முதல் சிரட்டை அவருக்கு; அவர் குடித்ததும் எல்லாரும் கைதட்டுவோம்.

பொறுப்பேற்ற முதல் வெள்ளிக்கிழமை பாஸ் அறைக்குள் வந்து பார்த்தார். நடுவில் பேசின், அதன் பின்னால் ஒரு காலி இடம், எல்லார் பார்வையும் அங்கே. நேராகப் போய் அங்கே சப்பணமிட்டு உட்கார்ந்தார். கைகளைப் பேசினுக்குள் விட்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். யார் சொல்வது? எங்களில் வயதில் மூத்தவர் ஜோனே, முன்னாள் போலீஸ்காரர், என்னைப் பார்த்தார். நான் மேரெயானியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். விருந்தாளியைச் சபையில் திருத்துவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அன்றிலிருந்து பாஸ்தான் கலக்கினார். முதல் சிரட்டையை அவருக்கே கொடுத்தோம். வருடக்கணக்கில் இப்படியே போனது. பழகிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் அந்தப் படங்கள் வந்தன.

பாலைவன நாடு ஒன்றில் ஒரு முகாம். அதன் வாசலில் தண்ணீருக்காகக் கேன்களோடு வரிசையில் நின்ற கிராமத்து ஜனங்கள் மேல் காவலர்கள் சுட்டுவிட்டார்கள். காவலில் இருந்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். உத்தரவு கொடுத்தவன் யார் என்பதுதான் கேள்வி. யாரும் பதவிப் பட்டை போட்டிருக்கவில்லை. உத்தரவு கொடுத்தவன் தூரத்தில் இருந்ததால் கிராமத்தார் முகம் பார்க்கவில்லை. திரும்பி வந்தவர்கள் வாய் திறக்கவில்லை. கிடைத்தவை ஒரு போனில் எடுத்த சில படங்கள் மட்டும். அன்று மாலை, கூடாரத்துக்குள், பேசின் வைத்து யங்கோனா குடிக்கிறார்கள்.

முதலில் பார்த்த படத்தில் நடுவில், பேசினுக்குப் பின்னால், பெரிய உடம்புக்காரர் ஒருவர் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஆட்கள். என் முறை, அவருக்குப் பூசணிக்காய் என்று பெயர் வைத்தேன். பாஸ் "பூஷ்னிகா, பூஷ்னிகா" என்று நாள் முழுக்கப் பழகினார். நான்கு பேரும் தனித்தனியாக எழுதினோம். நான்கு பேரும் ஒன்றையே எழுதியிருந்தோம்: கூட்டத்தின் பொறுப்பாளர் பெரும்பாலும் பூசணிக்காய்.

பேசிக்கொள்ளாத நால்வர் ஒத்துப்போனால் அது 'உயர்வு'. இதற்குள் வேறொரு படத்திலிருந்து அவர் யார் என்று தெரிந்துவிட்டது. நவுசோரி தடத்தில் பேருந்து ஓட்டுகிறவர். மனைவி, இரண்டு பிள்ளைகள். அறிக்கை வழக்கறிஞர்களுக்குப் போனால் அவரைக் கைது செய்யச் சொல்லிக் கோரிக்கை வரும். திங்கட்கிழமை அனுப்புவதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மீனுவுக்குப் பிறந்தநாள். வுனிமோனோவில் மாமியார் வீட்டில் விருந்து. கோழிக்கறி, பூரி, கேக். ஆண்கள் மாமரத்தடியில் பேசினோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே பூரி உருட்டிக்கொண்டே அறிக்கையை மனதுக்குள் படித்துக்கொண்டிருந்தேன். உயர்வா, நடுத்தரமா? வெளியே ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தேன்.

கலக்கிக்கொண்டிருந்தவர் எதற்கோ எழுந்துபோன நேரத்தில் மீனு அவர் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறந்தநாள் கவுன், தலையில் காகிதக் கிரீடம், இரண்டு கையும் முழங்கைவரை பேசினுக்குள்.

"ஏ புள்ள, தாகி!" என்று சின்ன மாமனார் கத்தினார். ஒரு சுற்று ஊற்று என்று அர்த்தம்.

"எனக்கு நிறைய ஊத்து!"

"இவருக்குப் பாதி போதும், போன வாரம் படுத்துட்டாரு!"

"ஏய், கையை நக்காத! கலக்குறவ குடிக்கக்கூடாது, நாங்க சொன்னாத்தான்!"

இருக்கிற ஆண்கள் அத்தனை பேரும் அவளை வேலை வாங்கினார்கள். கிரீடம் வைத்தவள் வியர்க்க வியர்க்கத் துழாவிக்கொண்டிருந்தாள்.

பூரிக்கட்டை என் கையிலேயே இருந்தது. பேசினுக்குப் பின்னால் இருப்பவரை எல்லாரும் வேலை வாங்குவார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அந்தப் படத்தைப் பார்க்கும்போது மட்டும் ஏன் தோன்றவில்லை? நான்கு பேருக்கும்? நாங்கள் தனித்தனி அறையில்தான் எழுதினோம். ஆனால் நால்வரும் ஒரே வெள்ளிக்கிழமையில் உட்கார்ந்தவர்கள். எங்கள் கண்ணுக்குப் பேசினுக்குப் பின்னால் இருப்பவர் பாஸ்.

"அத்தே, பூரியப் பாத்துக்குங்க," என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு ஜோனேவுக்கு போன் செய்து சொன்னேன். அவர், "ஓய்லேய்," என்றார். ஐயோ என்று அர்த்தம். "நீதான் பாஸ்கிட்ட சொல்லணும். நீ படிச்ச பொண்ணு."

"நீங்க போலீஸ்ல இருந்தவரு!"

"அதான் பயம்."

திங்கட்கிழமை காலை பாஸின் அறைக்குள் போனேன். அறிக்கையை நிறுத்தவேண்டும் என்றேன். பூசணிக்காய் தலைவரில்லை, கலக்குகிறவர்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பேசினுக்குப் பின்னால் உட்காருபவர் பெரியவர் இல்லை. எங்கள் ஊர் வழக்கம்."

"எல்லாரும் எப்போதும் அப்படித்தான் உட்காருவார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

இதுதான் நான் பயந்த இடம். அந்தக் கூடாரத்திலும் கலக்குவதில் ஆசையுள்ள தலைவன் ஒருவன் இருந்திருக்கலாமே? உலகத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதற்கு என் எதிரிலேயே சாட்சி இருந்தது.

"எப்போதும் இல்லை, பாஸ்," என்றேன். "விதிவிலக்கு உண்டு. எனக்கு ஒருவரைத் தெரியும்."

"யார்?"

நான் மேசையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். மூக்கிலிருந்த சிவப்பு காதுவரை பரவியது.

"எவ்வளவு நாளாக எல்லாருக்கும் தெரியும்?"

"முதல் வெள்ளிக்கிழமையிலிருந்து."

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். திரும்பியபோது முகம் பழையபடி போலீஸ் முகம். "வழக்கம் போதாது. படத்திலிருந்து காட்டு. அறிக்கை காத்திருக்கும்."

அந்த வாரம் முழுக்கப் படங்களை மறுபடி எடுத்தோம். எது முதலில் எடுத்தது, எது பிறகு என்று தெரியவில்லை. போனின் கடிகாரம் தவறாக இருந்தது. நிழலும் உதவவில்லை, கூடாரத்துக்குள் நிழல் ஏது? மேரெயானிதான் பேசினைக் கவனித்தாள். உள்பக்கம் ஒரு நீலக் கோடு. ஒரு படத்தில் யங்கோனா அந்தக் கோட்டை மறைத்திருந்தது. மற்றவற்றில் கோடு தெரிந்தது, ஒவ்வொன்றிலும் யங்கோனா இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. ஊற்ற ஊற்றக் குறையத்தானே செய்யும். கோடு மறைந்திருந்த படம்தான் முதலில் எடுத்தது.

அந்த முதல் படத்தில் ஒருவன் குனிந்து, இரண்டு கையாலும் சிரட்டையை ஏந்தி, படத்தின் ஓரத்துக்கு நீட்டுகிறான். அங்கே முகம் இல்லை. ஒரு முழங்காலும், கைக்கடிகாரம் கட்டிய ஒரு கையும் மட்டும். எல்லாருடைய முகமும் அந்த முழங்காலைப் பார்த்திருந்தது. பூசணிக்காயின் கைகள் கைதட்டக் குவிந்திருந்தன. முதல் சிரட்டை முழங்காலுக்கு. நாங்கள் முன்பு அதை 'படத்தின் ஓரத்தில் ஒரு கால்' என்று எழுதி விட்டிருந்தோம். இப்போது அதற்கும் பெயர் வைத்தேன்: முருங்கைக்காய். பாஸ் அதை உச்சரிக்க முயன்று, இரண்டு நாளில் தோற்று, "அந்தக் கால்" என்றே சொல்லிவிட்டார்.

பிறகு சாட்சி கேட்பவர்கள் பூசணிக்காயிடம் போனார்கள். இவர்தான் தலைவரா என்றெல்லாம் கேட்கவில்லை. படத்தை வைத்து, இங்கே என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பதிவை நான் காதில் மாட்டிக் கேட்டேன்.

முதலில் பெரிதாகச் சிரிக்கிறார். "இதுல நான் எவ்வளவு குண்டு பாருங்க! அங்க லாரி ஓட்டிக்கிட்டு இருந்தேன், சார். எப்பவும் என்னைத்தான் கலக்கச் சொல்வாங்க. கை பெரிசு."

அப்புறம் நாற்காலி கிரீச்சிடுகிறது.

"அன்னைக்கு அவர்தான் கலக்கச் சொன்னாரு. எல்லாரும் ஒரே மாதிரி பேசணும், இந்தச் சிரட்டையைக் குடிச்சா ஒத்துக்கிட்டதா அர்த்தம்னு சொன்னாரு. நான் ரொம்ப கெட்டியாக் கலக்கிட்டேன். தூங்கிப் போனாங்கன்னா யாரும் எதுக்கும் ஒத்துக்க வேண்டாம்ல." மறுபடி நாற்காலிச் சத்தம். "தண்ணி கேனெல்லாம் வாசல்லயே கெடந்துச்சு, சார். யாரும் எடுக்கல."

அந்த 'அவர்' யார் என்பதையும் சொன்னார். முழங்காலுக்கு முகம் கிடைத்தது. நான் பதிவை நிறுத்திவிட்டு மாமியாருக்கு போன் செய்து, மீனு தண்ணீர் குடித்தாளா என்று கேட்டேன். "ஏன்டி, என்ன ஆச்சு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

புதிய அறிக்கையில் பூசணிக்காய் சந்தேகப் பட்டியலில் இல்லை, சாட்சி. கடைசிப் பக்கத்தில், முதல் முடிவு ஏன் தவறியது என்று எழுத வேண்டியிருந்தது. பாஸ் தன் கையாலேயே எழுதினார்: 'பகுப்பாய்வாளர்களின் கண்களை அலுவலகத்தின் வெள்ளிக்கிழமைப் பழக்கம் கெடுத்திருந்தது. அதற்குப் பொறுப்பு மேலாளர்.'

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வந்து, பேசினைச் சுற்றிக்கொண்டு போய், மேல்பக்கம் உட்கார்ந்தார். ஜோனே கலக்கினார். முதல் சிரட்டையை பாஸ் வாங்கிக் குடித்தார். கைதட்டினோம். பள்ளியில் தண்டனைக்கு உட்காரவைத்த பிள்ளை மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது சுற்றுக்கு மேல் எங்களாலேயே தாங்க முடியவில்லை.

"பாஸ்," என்றார் ஜோனே, "எனக்கு முதுகு வலி. நீங்க கலக்கறீங்களா?"

அவர் எழுந்த வேகத்தில் பாய் மடங்கியது. ஆனால் இந்த முறை மரியாதை கிடையாது. "தாகி!" என்றாள் மேரெயானி. "எனக்குப் பாதி!" என்றேன் நான். "சீக்கிரம், சீக்கிரம்!" என்றார் முதுகு வலிக்காரர். நார்வேக்காரர் முழங்கைவரை நனைந்து, வியர்த்து, எல்லாருக்கும் ஊற்றினார்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் இன்னொன்று மனதை அரித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

விசாரணை முடிந்து வழக்கு வேறு ஊருக்குப் போனபின் ஒரு நாள், மீனுவோடு நவுசோரி நிறுத்தத்தில் பேருந்து ஏறினேன். ஓட்டுநர் இருக்கையில் அவர். அந்த முகத்தின் ஒவ்வொரு மடிப்பும் எனக்குத் தெரியும். அவருக்கு என்னைத் தெரியாது. என்னையறியாமல், மூச்சுக்குள், "பூசணிக்காய்" என்றேன். மீனு அதைப் பிடித்துக்கொண்டு, பேருந்து முழுக்கக் கேட்கும்படி, "பூசணிக்காய்!" என்று கத்தினாள்.

எனக்கு உயிர் போய்விட்டது. அவர் குனிந்து அவளைப் பார்த்துச் சிரித்தார். "புலா, பூஸ்னிகாய்!" என்று வணக்கம் சொன்னார். குழந்தை தன் பெயரைச் சொல்கிறது என்று நினைத்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். கதவு திறக்கும், "புலா, பூஸ்னிகாய்!" இறங்கும்போது, "மோதே, பூஸ்னிகாய்!" அவள் வெட்கப்பட்டுக் கையாட்டுவாள். திருத்த எனக்கு வாய் வரவில்லை. திருத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் அலுவலகத்துக்கே தெரியும். ஆனாலும் வரவில்லை.

மனம் கேட்காமல் பாஸிடம் போய்ச் சொன்னேன். சாட்சி ஒருவர் தன் ரகசியப் பெயரால் என் மகளைக் கூப்பிடுகிறார் என்று.

அவர் பேனாவை வைத்தார். "அது அவருடைய பெயர் என்று அவருக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவர் சிரிக்கிறார், பாஸ். அதைச் சொல்லும்போது சிரிக்கிறார்."

அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். அவர் பேனாவை எடுத்து வேலையைத் தொடர்ந்தார். அந்த ஒரு தடவைதான் அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை.